ஹெடர் இருக்கிறது, கன்ஃபிகர் இல்லை என்கிறது: பில்ட் கோளாறைத் தீர்க்க முழு வழிகாட்டி

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்து உட்காருவதற்குள் அக்கா மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டுத் தேசிய சேவைக்குப் போகக் காத்திருக்கிறான். நடுவில் கிடைத்த மாதங்களில் ஒரு திறமூலத் திட்டத்துக்கு உதவலாம் என்று இறங்கியிருக்கிறான். நெட்வொர்க்கில் இருக்கும் கோப்புச் சர்வர்களைக் கண்காணிக்கும் பழைய சி நிரல் அது.

"சித்தி, ஹெடர் ஃபைல் டிஸ்க்ல இருக்கு. தேடினா வருது. கன்ஃபிகர் மட்டும் இல்லேங்குது."

ஹெடர் என்பது நிரலுக்குத் தேவையான டைப்கள், ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு. கன்ஃபிகர் என்பது பில்டுக்கு முன் தேவையானவை கணினியில் இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட். இரண்டு இரவு இதோடு போராடியிருக்கிறான். யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த ஹெடர் இருப்பதாகவே வைத்துக்கொள் என்று கன்ஃபிகருக்குக் கட்டாய பதில் கொடுத்திருக்கிறான். கன்ஃபிகர் பேசாமல் ஒப்புக்கொண்டது. அப்புறம் நிரலைக் கட்டும் மேக் கட்டளை ஓடும்போது, அதே ஹெடரைக் காணோம் என்று பாதியில் நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? பதிலைத்தான் மாற்றினான், நிலைமையை மாற்றவில்லையே.

அன்று சாயங்காலம் வரை அவனோடு உட்கார்ந்து செய்ததை வரிசையாக எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், 'இல்லை' என்றால் என்ன அர்த்தம்?

பலரும் கன்ஃபிகர் டிஸ்க்கில் கோப்பைத் தேடுகிறது என்று நினைக்கிறார்கள். அது எதையும் தேடுவதில்லை. கான்ஃப்டெஸ்ட்.சி என்று ஒரு குட்டி நிரலை எழுதி, அதில் அந்த ஹெடரை இன்க்ளூட் செய்து, கம்பைலரிடம் கொடுக்கிறது. கம்பைல் ஆனால் 'எஸ்', ஆகாவிட்டால் 'நோ'. ஏன் ஆகவில்லை என்று அதற்குக் கவலையில்லை. கோப்பு இல்லாமல் போனாலும் 'நோ', கோப்புக்குள் ஒரு டைப் புரியாமல் போனாலும் 'நோ', நீங்கள் கொடுத்த ஏதோ ஒரு ஃப்ளாக் (கட்டளையோடு தரும் தெரிவு) கம்பைலருக்குப் பிடிக்காவிட்டாலும் 'நோ'தான்.

கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் கருவியான ஆட்டோகான்ஃப், 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கியது. ஆரம்ப காலத்தில் ஹெடர் சோதனையை, கம்பைலுக்கு முன் இன்க்ளூட் வரிகளை விரிக்கும் ப்ரீபிராசசர் மட்டுமே செய்தது. அதாவது, கோப்பைத் திறக்க முடிந்தால் போதும். 2.56ஆம் பதிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பைலர் சோதனைக்கு மாறி, 2020இல் வந்த 2.70இல் முழுக்கக் கம்பைலர் சொல்வதே தீர்ப்பு என்றாகிவிட்டது. நடுவில் வந்த பதிப்புகளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, 'கோப்பு இருக்கிறது, ஆனால் கம்பைல் ஆகவில்லை' என்று ஒரு நீண்ட எச்சரிக்கை வரும். பழைய திட்டங்களில் அதைப் பார்த்தால் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். புதிய ஆட்டோகான்ஃபில் கன்ஃபிகரை மறுபடி உருவாக்கிய அன்றைக்கு, அந்த ஹெடர் 'நோ' ஆகிவிடும்.

படி 1: கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறங்கள்

திரையில் வருவது ஒரு வரிச் சுருக்கம்தான். முழுக் கதையும் பில்ட் அடைவில் இருக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கிறது. ஹெடரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அக்கா மகனின் மடிக்கணினியில் இருந்தது இதுதான்:

செக்கிங் ஃபார் ஆர்பிசி/ஆர்பிசி.எச்
ஜிசிசி -சி -ஜி -ஓ2 கான்ஃப்டெஸ்ட்.சி
ஃபேட்டல் எரர்: ஆர்பிசி/ஆர்பிசி.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி
$? = 1
ஃபெயில்டு புரோகிராம் வாஸ்:

இதில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். இரண்டாவது வரி கம்பைலரை (இங்கே ஜிசிசி) அழைத்த முழுக் கட்டளை. நீங்கள் கொடுத்ததாக நினைக்கும் பாதை அதில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அவனுடையதில், ஹெடர்களைத் தேட வேண்டிய அடைவைச் சொல்லும் -ஐ பாதை எதுவும் இல்லை. மூன்றாவது வரி உண்மையான பிழை. நான்காவது, கம்பைலர் திருப்பிக் கொடுத்த எண்; 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. கடைசி வரிக்குக் கீழே, செங்குத்துக் கோடு போட்டு, தோற்ற நிரல் முழுவதும் அச்சாகியிருக்கும். அந்த நிரலில் உங்கள் ஹெடருக்கு மேலே என்னென்ன இன்க்ளூட் ஆகியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், பின்னால் உதவும்.

பிழை வரியை வைத்தே பாதை பிரிந்துவிடும். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றால் படி 3. 'தெரியாத டைப்' என்று ஹெடருக்கு உள்ளேயிருந்து பிழை வந்தால் படி 4. வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் -டபிள்யூஎரர் என்று இருந்தால் படி 5. லாக்கில் சோதனையே ஓடவில்லை, திரையில் 'கேஷ்டு' என்று மட்டும் இருந்தால் படி 6.

படி 2: அதே சோதனையைக் கையால் செய்யுங்கள்

தோற்ற நிரலை ஒரு தனிக் கோப்பில் ஒட்டி, லாக்கில் இருந்த அதே கட்டளையால் கம்பைல் செய்யுங்கள். அதே பிழை வந்தால் சரி, இனி நீங்கள் கன்ஃபிகரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நான்கு வரி நிரல் ஒன்றைச் சரிசெய்தால் போதும். ஒவ்வொரு முயற்சிக்கும் கன்ஃபிகர் முழுதாக ஓடி முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கூடவே கம்பைலர் எங்கெல்லாம் தேடுகிறது என்று கேட்டுவிடுங்கள்: ஜிசிசி -ஈ -வி -எக்ஸ் சி /டெவ்/நல். வரும் குவியலில் 'தேடல் இங்கே தொடங்குகிறது' என்ற பொருளில் ஒரு வரியும், அதன் கீழே அடைவுகளின் பட்டியலும் இருக்கும். உங்கள் ஹெடர் இருக்கும் அடைவு அந்தப் பட்டியலில் இல்லையென்றால், டிஸ்க்கில் இருந்தும் கம்பைலருக்கு அது இல்லாத கோப்புதான்.

படி 3: கோப்பு கிடைக்கவில்லை என்றால்

மிக எளிய காரணம், மேம்பாட்டுப் பொதி நிறுவப்படாதது. டெபியனிலும் உபுண்டுவிலும் நூலகம் ஒரு பொதி, அதன் ஹெடர்கள் -டெவ் என்று முடியும் இன்னொரு பொதி. ஃபெடோராவில் அது -டெவெல். எந்தப் பொதியில் ஹெடர் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஏபிடி-ஃபைல் கருவியில் தேடுங்கள்.

ஆப்பிளின் மேக் கணினியில் வேறு சிக்கல். 2018இல் வந்த மொஹாவி என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் அடைவு தானாக அங்கே நிறுவப்படுவதில்லை. கணினியின் சொந்த ஹெடர்கள் எஸ்டிகே என்ற மேம்பாட்டுத் தொகுப்புக்குள் போய்விட்டன. ஹோம்பிரூ என்ற பொதிக் கருவி நிறுவுபவை ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் /ஆப்ட்/ஹோம்பிரூ அடைவுக்குள் போகின்றன. ஆப்பிளின் கம்பைலர் தானாக அங்கே தேடாது, பாதையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாதையைச் சொல்லும்போது -ஐ ஃப்ளாக்கை சிபிபிஃப்ளாக்ஸ் மாறியில் போடுங்கள், சிஃப்ளாக்ஸில் அல்ல. சிஃப்ளாக்ஸ் சி கம்பைலருக்கு மட்டும் போகும். திட்டத்தில் சி++ பகுதியும் இருந்தால் அதன் சோதனைகளுக்கு உங்கள் பாதை போய்ச் சேராது. பாதிச் சோதனை 'எஸ்', பாதி 'நோ' என்று குழப்பும்.

அக்கா மகனின் கதை இவை எதுவுமில்லை. லினக்ஸின் அடிப்படைச் சி நூலகமான ஜிலிப்சி, முன்பு சன் ஆர்பிசி (இன்னொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனை நெட்வொர்க் வழியாக அழைக்கும் முறை) ஹெடர்களைத் தன்னுடனேயே கொடுத்துவந்தது. 2.26ஆம் பதிப்பில் அதைப் பழையது என்று ஒதுக்கி, 2020 ஆகஸ்டில் வந்த 2.32இல் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வேலையைச் செய்வது லிப்டிஆர்பிசி என்ற தனி நூலகம். அதன் ஹெடர்கள் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/டிஆர்பிசி என்ற உள் அடைவில் உட்கார்ந்திருக்கின்றன. அவன் தேடியபோது கிடைத்தது அதுதான்.

"அப்ப சோர்ஸ்லயே டிஆர்பிசி/ஆர்பிசி/ஆர்பிசி.எச்-ன்னு மாத்திடலாமா சித்தி?" என்றான். வேண்டாம் என்றேன். அந்த ஹெடரே உள்ளே ஆர்பிசி/டைப்ஸ்.எச் என்று இன்னொன்றைக் கூப்பிடுகிறது. மேலே இருப்பதை மாற்றினால், பிழை ஒரு கோப்பு உள்ளே தள்ளிப்போகும், அவ்வளவுதான். அடைவைத் தேடல் பாதையில் சேர்ப்பதே சரி. எந்த அடைவு என்பதைக் கையால் எழுதாமல், நூலகங்களின் பாதைகளைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேளுங்கள். லிப்டிஆர்பிசி-யின் சிஃப்ளாக்ஸ் என்ன என்று கேட்டால் -ஐ பாதையைத் தரும். லிப்ஸ் என்ன என்று கேட்டால் இணைக்க வேண்டிய நூலகத்தைத் தரும். இரண்டாவதை மறந்தால் கம்பைல் ஆகும், லிங்க் ஆகாது.

ஆட்டோகான்ஃப் எதை வைத்துக் கன்ஃபிகரை உருவாக்குகிறதோ அந்தக் கன்ஃபிகர்.ஏசி கோப்பில் இதை நிரந்தரமாக எழுதும் முறை: முதலில் பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் மேக்ரோவால் லிப்டிஆர்பிசி-யைத் தேடுங்கள். கிடைத்தால், இப்போதைய சிபிபிஃப்ளாக்ஸை ஒரு தற்காலிக மாறியில் எடுத்து வையுங்கள். டிஆர்பிசி-யின் சிஃப்ளாக்ஸை அதில் சேருங்கள். ஏசி_செக்_ஹெடர்ஸ் ஓட்டுங்கள். முடிந்ததும் பழைய மதிப்பைத் திரும்ப வைத்துவிடுங்கள்; இல்லையென்றால் அந்தப் பாதை மற்ற எல்லாச் சோதனைகளிலும் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே இரண்டு குழிகள். இரண்டிலும் நாங்கள் விழுந்து எழுந்தோம்.

அவன் முதலில் எழுதியது இப்படி: பாதை சேர்க்காமல் ஒரு சோதனை, 'நோ' என்றால் பாதையைச் சேர்த்து அதே ஹெடருக்கு இரண்டாவது சோதனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது சோதனை ஓடவே இல்லை. ஆட்டோகான்ஃப் ஒவ்வொரு பதிலையும் ஒரு கேஷ் மாறியில் எழுதி வைக்கும். நம்முடையதன் பெயர் ஏசி_சிவி_ஹெடர்_ஆர்பிசி_ஆர்பிசி_எச். அதே கேள்வி அதே ஓட்டத்தில் மறுபடி வந்தால், கம்பைலரைக் கூப்பிடாமல் பழைய பதிலைத் திருப்பிச் சொல்லிவிடும். திரையில் '(கேஷ்டு) நோ' என்று ஒரு சின்ன வார்த்தை. அதைக் கவனிக்க எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது. தீர்வு, இரண்டாவது சோதனைக்கு முன் அந்த மாறியை அன்செட் செய்வது. அதைவிடச் சுத்தமானது, பாதையோடு கூடிய சோதனையை முதலில் வைப்பது. நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம்.

இன்னொன்று, கன்ஃபிகரை மறுபடி உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் ஓட்டிய பிறகு கன்ஃபிகர், 'டிஆர்பிசி,' என்ற சொல்லுக்கு அருகே தொடரியல் பிழை என்று விழுந்தது. காரணம், அவன் மடிக்கணினியில் பிகேஜி-கான்ஃபிக் நிறுவப்படவில்லை. அந்த மேக்ரோவின் விளக்கம் கிடைக்காததால், ஆட்டோகான்ஃப் மேக்ரோவின் பெயரை அப்படியே ஷெல் கட்டளையாக எழுதிவிட்டது. நிறுவிவிட்டு ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

படி 4: கோப்பு கிடைத்தும் கம்பைல் ஆகாவிட்டால்

சில ஹெடர்கள் தனியாக நிற்காது. தமக்கு முன்னால் வேறொன்று இன்க்ளூட் ஆகியிருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. நல்ல உதாரணம் ஜேபெக்லிப்.எச். படக் கோப்புகளைக் கையாளும் இந்த ஹெடருக்கு ஃபைல், சைஸ்_டி என்ற டைப்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும், எனவே எஸ்டிடிஐஓ.எச் முதலில் வர வேண்டும். ஆட்டோகான்ஃப் தன் சோதனை நிரலில் சில பொது ஹெடர்களைத் தானாகவே முன்னால் போடுவதால் அங்கே இது தேறிவிடும். ஆட்டோகான்ஃபுக்கு மாற்றான சிமேக் என்ற பில்ட் கருவியின் செக்_இன்க்ளூட்_ஃபைல் அப்படி எதையும் போடாது, அங்கே தோற்கும். ஒரே கணினி, ஒரே ஹெடர், இரண்டு பதில்.

ஆட்டோகான்ஃபில் இதற்கான இடம் ஏசி_செக்_ஹெடர்ஸ் மேக்ரோவின் நான்காவது வாதம். முன்னால் வர வேண்டிய இன்க்ளூட் வரிகளை அங்கே எழுத வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது வாதங்களைக் காலி சதுர அடைப்புகளாக விட்டு, காற்புள்ளிகளை எண்ணிப் போடுங்கள். ஒன்று குறைந்தால் உங்கள் இன்க்ளூட் வரி ஷெல் கட்டளையாகிவிடும். எண் குறியோடு தொடங்கும் வரியை ஷெல் வெறும் கருத்துரையாக எடுத்துக்கொள்வதால், பிழையாகவும் தெரியாது. சிமேக்கில் செக்_இன்க்ளூட்_ஃபைல்ஸ் என்று பன்மையில் இருக்கும் கட்டளையை எடுத்து, எஸ்டிடிஐஓ.எச், ஜேபெக்லிப்.எச் இரண்டையும் வரிசைப்படி அரைப்புள்ளியால் பிரித்துக் கொடுங்கள்.

படி 5: ஃப்ளாக் கெடுக்கும் சோதனை

எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக்கும் -டபிள்யூஎரர் ஃப்ளாக்கைக் கன்ஃபிகர் ஓடும்போதே சிஃப்ளாக்ஸில் கொடுப்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. ஜிலிப்சி 2.30இல் சிஸ்/சிஸ்சிடிஎல்.எச் ஹெடரைத் திறந்தாலே 'இது விரைவில் நீக்கப்படும்' என்று ஓர் எச்சரிக்கை வரும். -டபிள்யூஎரர் இருந்தால் அந்த எச்சரிக்கை பிழையாகும். கண்ணெதிரே இருக்கும் ஹெடரைக் கன்ஃபிகர் இல்லை என்று சொல்லும். 2.32இல் அது உண்மையாகவே நீக்கப்பட்டது, அது தனிக் கதை. இந்த ஃப்ளாக்கைச் சோதனைகள் முடிந்த பிறகு, மேக் ஓடும்போது மட்டும் கொடுங்கள்.

கம்பைலர்களும் கண்டிப்பாகிவிட்டன. அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது 2023இல் கிளாங் 16இலும் 2024இல் ஜிசிசி 14இலும் பிழையாகிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் கையால் எழுதிய சோதனை நிரல்கள் இதில்தான் அதிகம் தோற்கின்றன.

படி 6: பழைய பதிலைத் துடையுங்கள்

எல்லாம் சரிசெய்தும் பதில் மாறாவிட்டால் கேஷைச் சந்தேகியுங்கள். ஆட்டோகான்ஃபில் கான்ஃபிக்.கேஷ் கோப்பை அழியுங்கள். சிமேக் 3.24இலிருந்து --ஃப்ரெஷ் என்ற தெரிவு இருக்கிறது. அதற்கு முந்தையது என்றால் சிமேக்கேஷ்.டெக்ஸ்ட் கோப்பை நீக்குங்கள். மெசான் என்ற இன்னொரு பில்ட் கருவியில் செட்டப் --வைப். நான் எப்போதும் தனி பில்ட் அடைவு வைத்து, சந்தேகம் வந்தால் அதையே அழித்துவிடுவேன்.

சிமேக், மெசான் பயன்படுத்துவோருக்கு

முறை அதேதான், லாக் இருக்கும் இடம்தான் வேறு. சிமேக் 3.26இலிருந்து சிமேக்ஃபைல்ஸ் அடைவில் சிமேக்கன்ஃபிகர்லாக்.யாம்ல்; அதற்கு முன் சிமேக்எரர்.லாக். மெசானில் மெசான்-லாக்ஸ் அடைவுக்குள் மெசான்-லாக்.டெக்ஸ்ட். சிமேக் சோதனைக்குக் கூடுதல் பாதை கொடுக்க சிமேக்_ரிக்வயர்டு_இன்க்ளூட்ஸ் மாறி. பிறகு அதை மீட்டு வைக்க மறவாதீர்கள். மெசானில் ஹேஸ்_ஹெடர் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். செக்_ஹெடர் கம்பைல் செய்தே பார்க்கும். சந்தேகமான ஹெடர்களுக்கு இரண்டாவதையே நான் எடுப்பேன்.

படி 7: 'எஸ்' வந்த பிறகும் ஒரு முறை பாருங்கள்

கன்ஃபிகர் ஹெடரைக் கண்டுபிடித்தும் நிரல் அதைப் பயன்படுத்தாமல் இருக்கலாம். கான்ஃபிக்.எச் கோப்பைத் திறந்து ஹேவ்_ஆர்பிசி_ஆர்பிசி_எச் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சி கோப்பிலும் கான்ஃபிக்.எச் மற்ற எல்லா ஹெடர்களுக்கும் முன்னால் இன்க்ளூட் ஆகிறதா என்று பாருங்கள். மேக்ரோ பெயரில் ஓர் எழுத்து பிசகினால் எந்தப் பிழையும் வராது, அந்த வசதி மட்டும் சத்தமில்லாமல் அணைந்துபோகும். சிமேக்கில் சிமேக்டிஃபைன்01 பயன்படுத்தியிருந்தால் மேக்ரோ எப்போதும் வரையறுக்கப்பட்டிருக்கும், மதிப்பு மட்டும் 0 அல்லது 1. அங்கே இஃப்டெஃப் என்று எழுதினால், இல்லாத ஹெடரும் இருப்பதாகிவிடும்; இஃப் என்றே எழுத வேண்டும்.

இந்தச் சத்தமில்லாத தோல்வியை நான் பெரிதாகப் பேசக் காரணம் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. பிறகு அதன் சிமேக் கோப்பைத் துருவியபோது இன்னொன்றும் தெரியவந்தது. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலில், லினக்ஸ்/லேண்ட்லாக்.எச் முதலிய இன்க்ளூட் வரிகளுக்குக் கீழே, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. சி மொழியில் அந்த இடத்தில் புள்ளி செல்லாது. எனவே சோதனை எந்தக் கணினியிலும் தோற்கும், பதில் எப்போதும் 'இல்லை', பாதுகாப்பு எப்போதும் அணைந்தே இருக்கும். ஒற்றைப் புள்ளியில் சொல்லே மாறிவிடும் மொழியைப் பேசுகிறோம். நமக்கு இது சட்டென்று உறைக்க வேண்டும். கண்டிப்பாக இருக்க வேண்டிய ஹெடருக்கு 'நோ' வந்தால், சரி போகட்டும் என்று கடந்துவிடாதீர்கள். அந்த வசதி இல்லாமல் நிரல் ஓடவே கூடாது என்றால், 'நோ' வந்தவுடன் கன்ஃபிகரையே நிறுத்தும்படி ஏசி_எம்எஸ்ஜி_எரர் எழுதிவிடுங்கள்.

படி 8: திருத்தத்தைத் திட்டத்துக்கு அனுப்புதல்

உங்கள் கணினியில் ஓடியது என்பது பாதி வேலை. ஹெடர் இருக்கும் கணினியில் ஒரு முறை, வேண்டுமென்றே பொதியை நீக்கிவிட்டு ஒரு முறை என்று ஓட்டுங்கள். இரண்டாவதில் புரியும்படியான செய்தி வர வேண்டும். முடிந்தால் ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரிலும் ஓட்டுங்கள். ஜிலிப்சி-க்குப் பதிலாக அதில் இருக்கும் மஸ்ல் நூலகத்தில் எக்ஸெக்இன்ஃபோ.எச், சிஸ்/சிடெஃப்ஸ்.எச் போன்றவை கிடையாது. ஜிலிப்சி-யை மட்டும் மனதில் வைத்து எழுதிய இடங்கள் அங்கே உடனே பல்லிளிக்கும்.

அனுப்பும்போது கன்ஃபிகர்.ஏசி மாற்றத்தை மட்டும் அனுப்புங்கள். உருவாக்கப்பட்ட கன்ஃபிகர் கோப்பைத் திட்டம் தன் களஞ்சியத்தில் வைத்திருந்தாலொழிய அதைச் சேர்க்க வேண்டாம். ஆயிரக்கணக்கான வரி வித்தியாசத்தில் உங்கள் எட்டு வரி காணாமல் போகும். விளக்கத்தில் எந்த டிஸ்ட்ரோ, எந்த ஜிலிப்சி பதிப்பு, கான்ஃபிக்.லாக்கின் அந்தச் சில வரிகள், இவை போதும்.

அவன் அன்றிரவே அனுப்பிவிட்டான். புதன்கிழமை பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்திருக்கிறது: லிப்டிஆர்பிசி இல்லாத பழைய கணினிகளில் ஜிலிப்சி-யின் சொந்த ஹெடரையும் ஏற்கும்படி ஒரு கிளை சேர்க்கச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை பழைய ஜிலிப்சி கொண்ட ஒரு கன்டெய்னரை வைத்து அதை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். இந்த முறை என் வீட்டில், கான்ஃபிக்.லாக்கை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.